விருது பெற்ற மரங்கள்

கோண்டு ஓவியர்களின் சித்திரப் புத்தகத்துக்கு இத்தாலி பரிசு கொடுத்தது. பிரான்சும் ஜப்பானும் மொழிபெயர்த்து வாங்கின. இந்தியப் பள்ளிக்கூடத்து அலமாரிதான் இன்னும் காத்திருக்கிறது.

கறுப்புக் காகிதத்தின் நடுவில் ஒரு மரம். கிளை எங்கே முடிகிறது, விலங்கின் உடல் எங்கே தொடங்குகிறது என்று சட்டென்று சொல்லிவிட முடியாது. எதிர்ப் பக்கத்தில் சில வரிகளில் அந்த மரத்தின் கதை. பக்கத்தைத் திருப்பினால் இன்னொரு மரம், இன்னொரு கதை. மத்தியப் பிரதேசத்துக் கோண்டு மக்களின் நம்பிக்கைப்படி மரங்கள் பகல் முழுக்க உழைக்கின்றன. நிழல் தருகின்றன, உணவு தருகின்றன, வந்தவர்களுக்கெல்லாம் தங்க இடம் தருகின்றன. எல்லோரும் போன பிறகு, இருட்டில்தான் அவற்றுக்கு ஓய்வு. அப்போதுதான் அவற்றின் ஆவிகள் வெளிப்படுகின்றன. புத்தகத்தின் பெயர் 'தி நைட் லைஃப் ஆஃப் ட்ரீஸ்', அதாவது மரங்களின் இரவு வாழ்க்கை. காகிதம் கறுப்பாக இருப்பதற்குக் காரணம் அதுதான்.

சென்னையைச் சேர்ந்த தாரா பதிப்பகம் 2006இல் வெளியிட்ட இந்தப் புத்தகத்துக்கு 2008இல் பொலோனா ரகாஸி விருது கிடைத்தது. இத்தாலியின் பொலோனா நகரில் 1964 முதல் நடந்துவரும் குழந்தைப் புத்தகக் கண்காட்சி, அந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு வருடாந்தரத் திருவிழா. உலகின் பெரிய பதிப்பகங்கள் உரிமைகளை விற்பதும் வாங்குவதும் அங்கேதான். அந்தக் கண்காட்சி வழங்கும் விருது, கதையை மட்டுமோ படத்தை மட்டுமோ பார்ப்பதில்லை. அச்சு, வடிவமைப்பு, காகிதம், கட்டுமானம் என்று புத்தகத்தை ஒரு முழுப் பொருளாக எடைபோடுகிறது. மரங்களின் புத்தகம் வென்றது 'நியூ ஹொரைஸன்ஸ்' என்ற பிரிவில். ஆசியா, ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்கா, அரபு நாடுகளிலிருந்து வரும் புத்தகங்களுக்காக ஒதுக்கப்பட்ட பிரிவு அது.

அட்டையில் இருக்கும் பெயர்கள் மூன்று: பஜ்ஜு ஷியாம், துர்கா பாய், ராம் சிங் உர்வேதி. மூவரும் கோண்டுகளில் பர்தான் பிரிவைச் சேர்ந்தவர்கள். இவர்களில் துர்கா பாய் பள்ளிக்கூடம் போனதே இல்லை. கதைகளை அவர்கள் இந்தியில் சொன்னார்கள். பதிப்பகம் அதை ஆங்கிலத்தில் எழுதியது. குழந்தைப் புத்தக உலகின் உயர்ந்த விருதுகளில் ஒன்று எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர் வரைந்து, சொன்ன கதைக்கும் போய்ச் சேர்ந்தது என்பதே ஒரு செய்திதான். ஆனால் அந்தச் செய்திக்கு ஒரு முன்கதை உண்டு. அது அவ்வளவு மகிழ்ச்சியானதல்ல.

நர்மதை நதி பாயும் டிண்டோரி மாவட்டத்தில் இருக்கிறது பாட்டன்கர் கிராமம். 1998க்கு முன் இது மண்ட்லா மாவட்டத்தோடு சேர்ந்திருந்தது. 1940களில் மானுடவியலாளர் வெரியர் எல்வின் தங்கியிருந்த ஊர் என்பதைத் தவிர வெளியுலகுக்கு அதைப் பற்றித் தெரிந்தது மிகக் குறைவு. பர்தான்களின் பரம்பரைத் தொழில் பாட்டு. 'பானா' என்ற மூன்று தந்தி வாத்தியத்தை மீட்டி, படா தேவ் என்னும் பெருந்தெய்வத்தையும் கோண்டு அரசர்களின் வம்சத்தையும் பாடி, கொடையாளர் வீடுகளில் தானியமும் பரிசும் பெற்று வாழ்ந்தவர்கள். கொடுப்பவர்களே ஏழைகளான பிறகு, பாடுபவர்கள் கூலி வேலைக்குப் போனார்கள். வீட்டுச் சுவரிலும் தரையிலும் பெண்கள் போட்ட கோலங்கள் மட்டும் நின்றன. கல்யாணத்துக்கும் அறுவடைப் பண்டிகைக்கும் வண்ண மண்ணால் போடப்படும் அந்தக் கோலத்துக்கு 'டிக்னா' என்று பெயர். துர்கா பாய் ஆறு வயதில் தன் அம்மாவிடம் கற்றது அதைத்தான்.

1982இல் போபாலில் பாரத் பவன் திறக்கப்பட்டது. அதன் கலைக்கூடத்தை உருவாக்கியவர் ஓவியர் ஜே. சுவாமிநாதன். நகரத்து நவீன ஓவியமும் ஆதிவாசிகளின் ஓவியமும் ஒரே கூரையின் கீழ், சம மரியாதையோடு தொங்க வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். அதற்காக மாநிலம் முழுவதும் சுற்றிய குழு, பாட்டன்கரில் ஜன்கர் சிங் ஷியாம் என்ற இளைஞனைக் கண்டுபிடித்தது. சுவரிலிருந்து காகிதத்துக்கும் கான்வாஸுக்கும் வந்த அந்த இளைஞன், பாட்டாக மட்டுமே இருந்த தெய்வங்களுக்கு உருவம் கொடுத்தான். 1989இல் பாரிஸின் பாம்பிடூ மையத்தில் நடந்த புகழ்பெற்ற கண்காட்சியில் அவர் படங்கள் இடம்பெற்றன. போபாலில் சார்லஸ் கொரியா கட்டிய சட்டமன்றக் கட்டடத்தின் சுவர்களிலும் அவர் கைவண்ணம் இருக்கிறது. ஊரிலிருந்து உறவினர்கள் ஒவ்வொருவராக வந்து அவர் வீட்டில் தங்கிப் படம் போடக் கற்றார்கள். அந்தப் பாணிக்கே 'ஜன்கர் கலம்' என்று பெயர் வந்தது.

2001இல் ஜப்பானின் நிகாடா பகுதியில் உள்ள ஓர் அருங்காட்சியகத்துக்குப் படம் வரையச் சென்றிருந்த ஜன்கர், அங்கேயே தற்கொலை செய்துகொண்டார். வயது நாற்பதைத் தொடவில்லை. தனிமை, வீட்டு ஏக்கம், மனச்சோர்வு என்று காரணங்கள் பலவாறாகப் பேசப்பட்டன. ஆனால் அந்த மரணம் இந்தியக் கலையுலகத்தின் முன் ஒரு கேள்வியை வைத்துவிட்டுப் போனது. ஆதிவாசி ஓவியன் ஒருவன் உலகம் சுற்றுகிறான், படம் விற்கிறது, ஆனால் விலை, உரிமை, நிபந்தனை இவற்றையெல்லாம் முடிவு செய்வது யார்?

காலரி உலகம் அந்தக் கேள்விக்குப் பதில் தேடிக்கொண்டிருந்தபோது, ஒரு பதில் யாரும் எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. குழந்தைகளுக்கான சித்திரப் புத்தகத்திலிருந்து.

பஜ்ஜு ஷியாம் 1971இல் பாட்டன்கரில் பிறந்தவர். ஜன்கருக்கு உறவு, அவரைச் சித்தப்பா ஸ்தானத்தில் வைத்தவர். பதினாறு வயதில் வீட்டை விட்டுக் கிளம்பி அமர்கண்டக்கில் மரக்கன்று நட்டார். பிறகு போபாலில் இரவுக் காவல் பார்த்தார், எலெக்ட்ரிக் வேலையும் செய்தார். 1990களின் தொடக்கத்தில் ஜன்கர் அவரைக் கூப்பிட்டுத் தன் படங்களில் நுணுக்கக் கோடுகளை நிரப்பும் வேலையைக் கொடுத்தார். கை தேறியதும், தனியாகப் போடு என்று அனுப்பிவைத்தவரும் அவரே. சில வருடங்களில் லண்டனில் ஓர் இந்திய உணவகத்தின் சுவர்களுக்குப் படம் வரைய பஜ்ஜுவுக்கு அழைப்பு வந்தது. இரண்டு மாதம் அங்கே இருந்தார். திரும்பி வந்து அவர் சொன்ன கதைகளும் வரைந்த படங்களும் சேர்ந்து 2004இல் 'தி லண்டன் ஜங்கிள் புக்' ஆனது. கீதா வுல்ஃப், சிரிஷ் ராவ் இருவரும் அவரோடு சேர்ந்து அதை உருவாக்கினார்கள்.

தலைப்பில் இருக்கும் குறும்பு தற்செயலானதல்ல. ருட்யார்ட் கிப்ளிங் 1894இல் எழுதிய 'ஜங்கிள் புக்'கின் களம் மத்தியப் பிரதேசத்தின் சியோனிக் காடு. கோண்டுகளின் பூமி. கிப்ளிங் அந்தக் காட்டை நேரில் பார்த்ததில்லை. நூறு வருடம் கழித்து அந்தப் பூமியின் மனிதர் ஒருவர் கிப்ளிங்கின் தலைநகரத்துக்கே போய், அதைக் காடாகப் பார்த்து வரைந்தார். ஆகாய விமானம் பறக்கும் யானையாயிற்று. ஊரைச் சுற்றத் தெரியாதவனை நம்பகமாகக் கொண்டுபோய்ச் சேர்க்கும் 30ஆம் எண் பஸ் நாயாயிற்று. பாதாள ரயில் மண்புழு. பிக் பென் கடிகாரமும் நேரம் சொல்லும் சேவலும் ஒரே உருவம். மாலையானால் மதுக்கடைகளில் கூடும் வெள்ளைக்காரர்கள், வௌவால்கள். கேலி உண்டு, விஷம் இல்லை. புரியாத ஒன்றைத் தனக்குப் புரிந்த உருவத்தில் பிடிக்கும் வித்தை அது. சித்திரப் புத்தகம் குழந்தையிடம் கேட்பதும் அதையேதான்.

கான்வாஸில் முடியாத ஒன்றை இந்தப் புத்தகம் செய்தது. காலரியில் படம் ஒன்று விற்றால் அத்தோடு ஓவியனுக்கும் அதற்கும் உறவு முடிந்தது. கைவினைக் கடையில் நிலைமை இன்னும் மோசம். பெரும்பாலும் அங்கே ஓவியனுக்குப் பெயரே கிடையாது, 'ஆதிவாசிக் கலை' என்ற ஒரு சீட்டு மட்டும்தான். புத்தகத்தில் அவர் ஆசிரியர். அட்டையில் பெயர், ஒப்பந்தம், முன்பணம், விற்கும் பிரதிக்கு ராயல்டி என்று எழுத்தாளனுக்கு என்னென்ன உண்டோ அவை ஓவியனுக்கும் உண்டு என்பதைத் தாரா தன் கொள்கையாக அறிவித்துக்கொண்டது. பிற மொழிகளில் உரிமை விற்கும்போதும் அந்தப் பெயர் கூடவே போகிறது.

அந்த இடத்துக்குப் பதிப்பகமும் ஒரே நாளில் வந்துவிடவில்லை. 1994இல் தொடங்கப்பட்ட தாராவுக்கு முதலில் பெயர் வாங்கிக் கொடுத்தது 1995இல் வந்த 'தி வெரி ஹங்ரி லயன்'. மகாராஷ்டிரத்தின் வார்லி ஆதிவாசிகளின் பாணியில் அதற்குப் படம் போட்டவர் கலைக்கல்லூரியில் பயின்ற இந்திரபிரமித் ராய். பாணி ஆதிவாசியுடையது, கை நகரத்து ஓவியருடையது. 2009இல் அதே பதிப்பகம் 'டூ!' என்ற வினைச்சொற்களின் புத்தகத்தை வெளியிட்டபோது வரைந்தவர்கள் ரமேஷ் ஹெங்காடி, சாந்தாராம் தட்பே முதலிய வார்லி ஓவியர்களே. இடைப்பட்ட 14 வருடங்களில் நடந்த மாற்றம் சிறியதல்ல. பாணியை இரவல் வாங்குவதை நிறுத்தி, ஆளையே அழைத்து உட்காரவைத்தார்கள்.

அழைக்கப்பட்டவர்கள் சொன்ன இடத்தில் சொன்னதை மட்டும் வரைந்துவிட்டுப் போகவும் இல்லை. அம்பேத்கரின் வாழ்க்கையைச் சித்திரமாக்கிய 'பீமாயணா'வை 2011இல் நவயானா பதிப்பகம் வெளியிட்டது. அதற்குப் படம் போட்டவர்கள் துர்கா பாயும் அவர் கணவர் சுபாஷ் வியாமும். படக்கதை என்றால் கட்டம் கட்டமாகப் பிரிக்க வேண்டும் என்பது உலக வழக்கம். பாத்திரங்களைப் பெட்டிக்குள் அடைக்கமாட்டோம் என்று இருவரும் மறுத்துவிட்டார்கள். கட்டத்துக்குப் பதிலாக டிக்னா கோலத்தின் கோடுகள் பக்கங்களில் ஓடி, கதையைப் பிரித்துக் கொடுத்தன. பள்ளிக்குப் போகாத பெண்மணி ஒருவர், படக்கதையின் இலக்கணத்தையே மாற்றி எழுதினார்.

பொலோனாவின் நடுவர்களைக் கவர்ந்ததில் ஓவியர்களுக்கு உள்ள பங்கு அச்சடித்தவர்களுக்கும் உண்டு. சாதாரண ஆஃப்செட் மை ஒளி ஊடுருவக் கூடியது. வெள்ளைக் காகிதத்தில் அழகாக இருக்கும். கறுப்புக் காகிதத்தில் அடித்தால் காணாமல் போய்விடும். கறுப்பின் மேல் வெளிர் வர்ணம் எழுந்து நிற்க வேண்டுமானால் கனமான மை வேண்டும், அதற்கு ஸ்கிரீன் பிரிண்டிங்தான் வழி. கல்யாணப் பத்திரிகையும் விசிட்டிங் கார்டும் அடித்துக்கொண்டிருந்த அதே தொழில். சட்டத்தில் இழுத்துக் கட்டிய மெல்லிய வலைத்துணியின் மேல் மையை ஊற்றி, ரப்பர் பட்டை பதித்த கட்டையால் ஒரே சீராக இழுக்க வேண்டும். ஒரு வர்ணத்துக்கு ஓர் இழுப்பு. காயவைத்து எடுத்து, இம்மியும் விலகாமல் அடுத்த வர்ணம். 2 வர்ணம் கொண்ட ஒரே ஒரு பக்கத்தை 2,000 பிரதிக்கு அடிக்க ஒரு கை 4,000 முறை இழுக்க வேண்டும்.

சென்னையில் ஏஎம்எம் ஸ்கிரீன்ஸ் என்ற பட்டறையில் இந்த வேலை நடந்தது. பருத்திக் கழிவிலிருந்து கையால் செய்த காகிதம், கையால் அச்சு, கையால் தையல். ஒவ்வொரு பிரதியிலும் கையால் எழுதிய எண். 'ஹங்ரி லயன்' புத்தகத்தின் மாதிரியை ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் சந்தையில் பார்த்த கனடா பதிப்பகம் ஒன்று 8,000 பிரதிகள் கேட்டபோது, அவ்வளவையும் கையால் அடித்தாக வேண்டிய நிர்ப்பந்தத்தில்தான் இந்தப் பட்டறைத் தொழில் உருப்பெற்றது. மரங்களின் புத்தகம் பிரெஞ்சு, ஜப்பானிய மொழிகள் உட்படப் பல மொழிகளில் வந்தபோதும் பிரதிகள் சென்னையில் அடிக்கப்பட்டே கப்பலேறின. 2013இல் பொலோனா கண்காட்சி, கண்டத்துக்கு ஒன்றாகச் சிறந்த குழந்தைப் பதிப்பகங்களைத் தேர்ந்தெடுக்கும் விருதை முதன்முறையாக அறிமுகப்படுத்தியது. ஆசியாவின் விருது தாராவுக்குப் போனது.

கௌரவங்கள் உள்நாட்டிலும் வந்து சேர்ந்தன. பஜ்ஜு ஷியாமுக்கு 2018இலும் துர்கா பாய்க்கு 2022இலும் பத்மஸ்ரீ. டிண்டோரியின் கோண்டு ஓவியத்துக்கு 2023இல் புவிசார் குறியீடு. ஆக, ஓவியனுக்குப் பெயர் கிடைத்தது. பட்டறைக்கு வேலை கிடைத்தது. பதிப்பகத்துக்கு விருது கிடைத்தது. கணக்கில் இன்னும் வராத ஒருவர் மட்டும் பாக்கி. புத்தகம் யாருக்காக என்று சொல்லப்படுகிறதோ, அந்தக் குழந்தை.

கையால் செய்த புத்தகத்தின் விலை ஆயிரம் ரூபாயைத் தாண்டும். உழைப்பைக் கணக்கிட்டால் அது அதிகமே இல்லை. பாரிஸிலும் டோக்கியோவிலும் அதை மலிவென்றே நினைப்பார்கள். ஆனால் 2018இல் தொடங்கிய மத்திய அரசின் சமக்ர சிக்ஷா திட்டத்தில் ஓர் ஆரம்பப் பள்ளிக்கு நூலக மானியமாக வகுக்கப்பட்ட தொகை வருடத்துக்கு 5,000 ரூபாய். அதை முழுக்கச் செலவழித்தாலும் இப்படிப்பட்ட புத்தகங்கள் நான்குக்கு மேல் வாங்க முடியாது. அந்த நான்கையும் எந்தத் தலைமையாசிரியர் துணிந்து குழந்தைகள் கையில் கொடுப்பார்? கிழிந்தால் பதில் சொல்ல வேண்டுமே என்று பீரோவில் வைத்துப் பூட்டுவார். மொழிச் சிக்கல் வேறு. இந்தப் புத்தகங்களில் பெரும்பாலானவை முதலில் ஆங்கிலத்தில் வருகின்றன. இந்தியில் சொல்லப்பட்ட கதை ஆங்கிலமாகி, பிரெஞ்சாகி, ஜப்பானியமாகிவிடுகிறது. டிண்டோரி மாவட்டத்து மூன்றாம் வகுப்புக் குழந்தையிடம் திரும்பி வருவதுதான் அதற்கு நெடும்பயணமாக இருக்கிறது.

நல்ல படமும் குறைந்த விலையும் ஒன்றுக்கொன்று விரோதிகள் என்று இதற்குப் பொருளல்ல. அரசின் நேஷனல் புக் டிரஸ்டும், கார்ட்டூனிஸ்ட் சங்கர் நிறுவிய சில்ட்ரன்ஸ் புக் டிரஸ்டும் 1957இல் பிறந்தவை. சில ரூபாய்க்கு வண்ணப் படப் புத்தகம் கொடுத்தே தலைமுறைகளை வளர்த்தவை. தாராவின் புத்தகமேயான 'டைகர் ஆன் எ ட்ரீ'யை எடுத்துக்கொள்ளலாம். அனுஷ்கா ரவிசங்கரின் பாட்டுக்குப் புலக் பிஸ்வாஸ் போட்ட படங்கள் கறுப்பு, ஆரஞ்சு ஆகிய இரண்டே வர்ணத்தில் அடங்கிவிடும். 1997இல் வந்த அதற்கு 1999இல் ஸ்லோவாக்கியாவின் பிராட்டிஸ்லாவா சித்திரப் போட்டியில் பரிசு கிடைத்தது. பரிசுக்குத் தேவை ஓவியனின் கண். ஆடம்பரக் காகிதம் அல்ல. 2004இல் பெங்களூரில் தொடங்கப்பட்ட பிரதம் புக்ஸ் இன்னொரு வழியைக் காட்டியது. குறைந்த விலையில், பல இந்திய மொழிகளில் ஒரே நேரத்தில் புத்தகம் போட்டது. 2015இல் 'ஸ்டோரிவீவர்' என்ற தளத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் படிக்கவும் மொழிபெயர்க்கவும் அனுமதியோடு கதைகளைத் திறந்துவிட்டது.

ஆனால் இரண்டு வழிகளும் சந்திக்கும் இடம்தான் இன்னும் அமையவில்லை. மலிவுப் புத்தகம் ஊருக்குப் போகிறது. விருதுப் புத்தகம் விமானம் ஏறுகிறது. கைவேலைப் பதிப்பு கைவேலையாகவே இருக்கட்டும். அதைக் குறைத்துச் செய்யச் சொல்வது பட்டறைத் தொழிலாளியின் கூலியைக் குறைக்கச் சொல்வதற்குச் சமம். அதே படங்கள் ஆஃப்செட்டில், கறுப்பையும் ஒரு வர்ணமாக அடித்து, இந்தியிலும் தமிழிலும் மராத்தியிலும் ஐம்பது, நூறு ரூபாய்க்கு வருவதற்குத் தொழில்நுட்பத் தடை எதுவும் கிடையாது. கனமும் மணமும் போய்விடும் என்பது உண்மைதான். படமும் கதையும் போகாது. தடையாக இருப்பது எண்ணிக்கை. பல்லாயிரம் பிரதிகளுக்கு உறுதியான கிராக்கி இருந்தால்தான் அந்த விலை கட்டும். இந்தியாவில் அப்படியொரு எண்ணிக்கையில் குழந்தைப் புத்தகம் வாங்கக்கூடிய ஒரே வாடிக்கையாளர் அரசாங்கம். அது ஓவியனுக்குப் பதக்கம் கொடுக்கிறது, ஓவியத்துக்குக் குறியீடு கொடுக்கிறது; புத்தகத்தை வாங்கும்போது மட்டும் குறைந்த டெண்டர் எது என்று பார்க்கிறது.

அந்த மலிவுப் பதிப்பு வரும் நாளில் விட்டுவிடக் கூடாத ஒன்று உண்டு. ஜன்கரின் மரணத்துக்குப் பிறகு சித்திரப் புத்தகம் கோண்டு ஓவியனுக்குப் பெற்றுத் தந்தது வெறும் புகழ் மட்டுமல்ல. அட்டையில் பெயரும் விற்பனையில் பங்கும். நூறு ரூபாய்ப் புத்தகத்திலும் அவை இரண்டும் இருக்க வேண்டும். பங்கு சதவீதத்தில் சிறுத்தாலும் லட்சம் பிரதிகளில் அது ஈடுகட்டும். இல்லாவிட்டால், சுவரிலிருந்து காகிதத்துக்கு வந்தவர் மறுபடியும் பெயரில்லாத 'ஆதிவாசிக் கலைஞர்' ஆகிவிடுவார்.

பொலோனாவின் நடுவர்கள் தங்கள் வேலையை 2008இலேயே முடித்துவிட்டார்கள். மிச்ச வேலை இத்தாலியில் இல்லை. பள்ளி நூலகத்துக்குப் புத்தகம் தேர்ந்தெடுக்கும் கமிட்டியின் மேஜையில் இருக்கிறது.